மூளை உறைக் காய்ச்சலில் இருந்து மீண்ட பச்சிளங்குழந்தை: கொல்கத்தா தமிழ்ப் பெற்றோருக்கு

டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் வேலை காது. சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு காது மட்டும் கேட்டாலும் திடுக்கிடும். நான்கு வாரத்துக்குள் பெரா (BERA) எனும் செவித்திறன் பரிசோதனை தேவை. பன்ஹுக்ளியில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனக் கிளையில் விசாரிக்கலாம். ஒவ்வொரு செக்கப்பிலும் தலைச் சுற்றளவை அளந்து எழுதச் சொல்லுங்கள். வேகமாகக் கூடினால் மூளையில் நீர் சேர்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள்.

உச்சிக்குழி புடைப்பு, பால் குடிக்க மறுப்பு, வலிப்பு, துவளல், உடல் சில்லிடுவது, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல், ஃபூல்பாகான் பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்குக் கிளம்பிவிடுங்கள். டிஸ்சார்ஜ் தாள் கையில் இருக்கட்டும்.

குழந்தையைக் கவனிக்க இரவில் முறைபோட்டுத் தூங்குங்கள். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கும் ஒரு முறை கொடுக்கலாம். ஆனால் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்க மட்டும் அனுமதிக்க வேண்டாம்.