பட்டியலில் பெயர் இல்லையென்றால்

"பட்டியலில் எங்கட பெயர் இல்லை." நாம் போகுமிடமெல்லாம் கேட்கும் பேச்சு இது. இதைச் சொல்லிவிட்டுப் பலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும எனத் திட்டங்கள் மாறி வந்துள்ளன. அஸ்வெசும மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளில் தொடங்கியது. யாருக்கு எந்தப் படி என்பதைக் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், உடைமை, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறையும் பார்த்தே தீர்மானிக்கிறார்கள்.

இடம்பெயர்ந்த நமக்குச் சிக்கல் இங்கேதான். காணி உறுதியில் இருக்கிறது, ஆனால் உழ முடியவில்லை. ஒதுங்கியிருப்பது கல்வீடு, அதுவும் மச்சானுடையது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிகிறது. விபரம் எடுக்க வருபவருக்கு இது தானாகத் தெரியாது. துருப்பிடித்துக் கிடக்கும் உழவு இயந்திரமும் 'உண்டு' என்று பதியப்பட்டுவிடலாம். ஆகவே கேட்கும்வரை காத்திராமல் நாமே விளக்கவேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் குறித்த நாள் உண்டு. கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ அந்த நாளை முதலில் கேட்டறியுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்திலே கொடுங்கள். எழுத வராவிட்டால் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கூட்டிச் செல்லுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியை அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து, மழை நனையாத தகரப்பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதையே முதலில் கேட்பார்கள்.