கடையில் நெட் ஏறி இறங்குவது ஏன்?

கைப்பேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கின்றன. மேலே 5ஜி என்ற எழுத்தும் வருகிறது. வாடிக்கையாளர் பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார். ஆனால் கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். சரக்கைக் கொடுத்து அனுப்புவதா, நிறுத்தி வைப்பதா?

நம் வணிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் விலைவாசிக்கு அடுத்தபடியாக இப்போது இந்தப் பேச்சுத்தான். காலையில் இருக்கும் வேகம் மாலையில் இல்லை. வாசலில் இருப்பது கிட்டங்கியில் இல்லை. நிறுவனத்தைக் கேட்டால், "உங்கள் பகுதியில் நெட்வொர்க் மேம்பாட்டுப் பணி நடக்கிறது" என்ற ஒரே பதில் வருகிறது. அது என்ன பணி, நல்லது செய்யப்போகிறவர்கள் செய்யும்போது நமக்கு ஏன் கெடுதல் வருகிறது, பணி முடியும்வரை கல்லாவையும் லாரியையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

வண்டியை நிறுத்தாமல் தண்டவாளம் மாற்றும் வேலை

மதுரை - போடி ரயில் பாதையை மீட்டர்கேஜிலிருந்து அகலப்பாதையாக மாற்ற 2010-ஆம் ஆண்டுக் கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் மறுபடி ரயில் வந்தது. அதுவரை அந்தப் பக்கத்து மக்களுக்கு ரயில் என்பதே இல்லை. செல்போன் நிறுவனம் அப்படி நிறுத்திவிட்டு வேலை பார்க்க முடியாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் தண்டவாளத்தை மாற்றுகிறார்கள். நமக்கு வரும் ஆட்டம் எல்லாம் அந்த ஆட்டம்தான்.

ஒரு நிறுவனத்திடம் இருக்கும் அலைவரிசை, கிட்டங்கியில் இருக்கும் இடம் மாதிரி. அரசாங்க ஏலத்தில் எடுத்த அளவுதான் உண்டு. புதுச் சரக்குக்கு இடம் வேண்டுமென்றால் பழைய சரக்கை ஒதுக்க வேண்டும். ஏர்டெல் நிறுவனம் 2020-இல் 3ஜி சேவையை மூடி அந்த இடத்தை 4ஜிக்குக் கொடுத்தது அப்படித்தான். பின்னர் 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் 5ஜி தொடங்கியது. பி.எஸ்.என்.எல். நிறுவனமோ உள்நாட்டிலேயே உருவான கருவிகளைக் கொண்டு தன் 4ஜி கோபுரங்களை நாடு முழுவதும் அமைத்து, 2025 செப்டம்பர் 27 அன்று அவற்றைத் தொடங்கியது. ஆக, ஒரே நிறுவனத்திலேயே ஒரு தெருவில் புதுக் கருவியும் அடுத்த தெருவில் பழையதும் இருக்கும் காலம் இது.

ஒரு கோபுரத்தில் கருவி மாற்றும்போது அதைச் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். அந்தக் கோபுரத்தின் கூட்டம் முழுவதும் பக்கத்துக் கோபுரத்தின் தலையில் விழுகிறது. சிக்னல் கோடு என்பது கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, அங்கே நம்மைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. கூட்டமான ஓட்டலில் சர்வர் கண்ணுக்குத் தெரிகிறார், இலை வரவில்லை, அதே கதைதான்.

கோபுரத்தின் உச்சியில் புதுக் கருவி வந்துவிட்டாலும், கோபுரத்திலிருந்து ஊருக்குப் போகும் வழி அகலமாக வேண்டும். சில கோபுரங்களுக்கு கண்ணாடி இழைக் கேபிள் இருக்கிறது. கேபிள் இன்னும் வராத இடத்தில் கோபுரத்துக்குக் கோபுரம் வானொலி அலை மூலம்தான் செய்தி போகிறது. வாசல் அகலமாகி சந்து குறுகலாகவே இருந்தால், காலை பத்து மணிக்கு ஓடும். இரவு ஏழு மணிக்கு முட்டும். மாலை நேரத்தில் மட்டும் வேகம் படுத்துவிடும் தெருக்களில் பெரும்பாலும் இதையோ, கூட்டத்தையோதான் காரணமாகச் சொல்லலாம்.

5ஜி என்ற எழுத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2022-இல் தொடங்கியபோது ஜியோ தனித்து நிற்கும் 5ஜி முறையையும், ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் முறையையும் எடுத்துக்கொண்டன. இரண்டாவது முறையில் கைப்பேசி முதலில் 4ஜியோடுதான் கைகோக்கிறது. அந்த 4ஜி நெரிசலில் இருந்தால் மேலே 5ஜி என்று எழுதியிருந்தும் வேலை நடக்காது. அதோடு, 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை, நிறைய சுமக்கும். ஆனால் சுவரைத் தாண்டிப் போகச் சக்தி குறைவு. 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் தாண்டும், சுமப்பது குறைவு. எண்ணெய் டின் அடுக்கிய சுவரும் தகரக் கூரையும் உள்ள நம் கிட்டங்கிக்குள் கைப்பேசி ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் சில நொடி போகும். அப்படித் தாவுகிற கடையில் கைப்பேசியின் நெட்வொர்க் அமைப்பில் 5ஜியை நீக்கி 4ஜி மட்டும் என்று வைத்து ஒரு வாரம் பார்க்கலாம். சில கடைகளில் இதுவே போதுமானதாக இருக்கிறது.

கடைக்கு வேகம் எதற்கு?

மளிகைக் கடைக்கு வேகமே தேவையில்லை என்பது என் கருத்து. சினிமா பார்ப்பவருக்குத்தான் வேகம். ஒரு யூபிஐ பணப் பரிமாற்றத்துக்குப் போகும் தகவல் மிகச் சிறியது. அது விட்டுப்போகாமல் போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவே. ஆகவே வேகம் அளக்கும் செயலியில் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். அதில் பிங் என்று மில்லிசெகண்டில் வரும் எண்ணையும் அப்லோடு எண்ணையும் பாருங்கள். அளக்கும்போதெல்லாம் பிங் எண் ஒரே மாதிரி வந்தால் நல்ல கோடு. ஒருமுறை 40, மறுமுறை 900 என்று வந்தால் டவுன்லோடு எவ்வளவு இருந்தாலும் கல்லாவுக்கு உதவாது. இதற்கு டிராய் அமைப்பின் மைஸ்பீடு செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன வாடிக்கையாளரிடம் வருவோம். அவர் கைப்பேசியிலிருந்து புறப்படும் உத்தரவு அவருடைய நிறுவனத்தின் நெட் வழியாகப் போய், அவர் வங்கியில் கழிந்து, நம் வங்கியில் வரவாகிறது. இதில் நம் கடை நெட்டுக்கு எந்த வேலையும் இல்லை. வரவான பிறகு அந்தச் செய்தியை நமக்குச் சொல்வதுதான் ஸ்பீக்கர் பெட்டியின் வேலை. அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. அது நம் கைப்பேசி நிறுவனத்தின் சிம்மாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பெட்டிகளில் சில 2ஜியை மட்டும் பிடிப்பவை. 4ஜி, 5ஜிக்கு இடம் ஒதுக்க ஒதுக்க இவற்றுக்கு மூச்சுத் திணறும். ஆகவே கைப்பேசியில் படம் ஓடுகிறது, பெட்டி பேசவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். பெட்டி கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு 4ஜி பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். பி.எஸ்.என்.எல். பழைய சிம் வைத்திருப்பவர்கள் அதை 4ஜி சிம்மாக மாற்றாவிட்டால் கோபுரம் புதிதானாலும் பயன் கிடைக்காது.

பெட்டி மௌனமாக இருக்கும்போது, "இன்னொரு தடவை போடுங்கள்" என்று சொல்வதுதான் பெரிய தவறு. ரகசிய எண்ணைப் போடுவதற்கு முன்னால் நெட் அறுந்திருந்தால் எதுவும் நடக்கவில்லை, மறுபடி போடலாம். ரகசிய எண்ணைப் போட்ட பிறகு சுற்றிக்கொண்டு நின்றால் பணம் போயிருக்கலாம். பதில் மட்டும் வழியில் தங்கியிருக்கலாம். மறுபடி போட்டால் இரண்டு முறை கழியும். அடுத்த நாள் அவர் திரும்பக் கேட்பார், நமக்கும் அவருக்கும் மனவருத்தம். அதேபோல் அவர் கைப்பேசியில் தெரியும் பச்சை அடையாளத்தை மட்டும் பார்த்துச் சரக்குக் கொடுப்பதும் சரியல்ல. பணம் போனதுபோலப் படம் காட்டும் போலிச் செயலிகள் நடமாடுகின்றன. அதற்காக எல்லோரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் பத்து வருட வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. நம் வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணுக்கு வரவுக் குறுஞ்செய்தி வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நெட் படுத்திருக்கும்போதும் குறுஞ்செய்தி வந்துவிடும். அந்த எண் கல்லாவில் இருக்க வேண்டும். முதலாளி சட்டைப்பையில் வெளியூர் போய்விடக் கூடாது. வங்கியின் மிஸ்டு கால் எண்ணையும் எழுதி ஒட்டிவையுங்கள். அதிலும் தெரியவில்லை என்றால், வாடிக்கையாளர் செயலியில் இருக்கும் 12 இலக்க யூபிஐ எண்ணை, தொகை, நேரத்தோடு சிட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் என்றால் சரக்கை அனுப்பிவிட்டு அந்தச் சிட்டையைப் பற்றுக்கணக்கு மாதிரி வைத்திருக்கலாம். புதியவர் என்றால் சரக்கைக் கட்டி ஓரமாக வைத்து, அந்தக் குறிப்பைக் காட்டியே மரியாதையாகச் சொல்லலாம். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, கடையில் செலுத்திய யூபிஐ பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராமல் போனால், பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு உண்டு. இதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

இரவு லோடும் இ-வே பில்லும்

மொத்த வியாபாரிக்குக் கவலை வேறு. நிறுவனங்கள் கோபுர வேலையைப் பெரும்பாலும் கூட்டம் குறைந்த நள்ளிரவில் வைத்துக்கொள்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் நமக்கு லாரி லோடு ஏறுவதே இரவில்தான். நம் மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்கு இ-வே பில் இல்லாமல் நகரக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். எங்கள் கிட்டங்கிப் பகுதியில் ஒரு நிறுவனம் கருவி மாற்றிய வாரத்தில், லோடு ஏறிய லாரி பில்லுக்காக நடுஇரவில் நின்றது. டிரைவருக்குக் காத்திருப்புப் பேட்டா கொடுத்தோம். விடிந்து சேர வேண்டிய பருப்பு மதியம்தான் சேர்ந்தது. நிறுவனத்திடமிருந்து ஒரு முன்னறிவிப்பும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. சரக்கு விவரமான பகுதி-ஏ-யை மாலையிலேயே, நெட் நன்றாக இருக்கும்போது பதிந்துவிடலாம். வண்டி எண்ணான பகுதி-பி-யை லாரி வந்ததும் சேர்த்தால் போதும். பில்லின் கால அளவு பகுதி-பி பதிந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. இன்னொன்று, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இ-வே பில் தளத்தில் நுழைய ஓடிபி வேண்டும். அந்த ஓடிபியைக் காட்டும் என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு என்ற செயலியை ஒருமுறை பதிந்து வைத்துக்கொண்டால், அது சிக்னலோ நெட்டோ இல்லாமலே எண்ணைக் காட்டும். கணக்குப்பிள்ளையின் கைப்பேசியில் அதைப் போட்டு வையுங்கள்.

இரண்டாவது கோடு ஒன்று அவசியம். கேபிள் வழி வரும் பிராட்பேண்டை முதலாகவும், சிம்மைத் துணையாகவும் வைப்பது நல்லது. இரண்டும் சிம்தான் என்றால் வேறு வேறு நிறுவனமாக எடுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் தொங்குவது நம் நாட்டில் சாதாரணம். அங்கே மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்தால் இரண்டு சிம்மும் சேர்ந்தே படுக்கும். சிம் வாங்குமுன் பக்கத்துக் கடைக்காரரின் கைப்பேசியை மாலை ஏழு மணிக்கு உங்கள் கல்லாவில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

சிக்னல் பூஸ்டர் என்று விற்கும் பெட்டியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் தனியார் அதை வைப்பது சட்டவிரோதம். அதோடு, அது கோபுரத்தின் காதில் இரைச்சலை ஊற்றி, தெரு முழுவதும் உள்ளவர்களின் நெட்டைக் கெடுக்கும். நான்கு கடைக்கு அப்பால் யாரோ மாட்டிய பூஸ்டருக்கு நாம் நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பதும் நடக்கிறது.

புகார் சொல்லும் முறை

அந்தந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்து 198-ஐ அழைத்துப் புகார் சொல்லிப் புகார் எண்ணை வாங்க வேண்டும். தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். டிராய் அமைப்பு தனி நபர் புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை. ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த அதன் விதிகளின்படி, நிறுவனங்கள் எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நம் தெரு அதில் 5ஜி என்று வண்ணம் பூசப்பட்டிருந்தால் அதையே புகாரில் காட்டலாம். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முழுவதும் நின்றால் மாதக் கட்டணக்காரருக்குக் கழிவும், முன்பணக்காரருக்குக் கூடுதல் நாளும் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. சந்தை நாளில் அரை நாள் தவழ்ந்ததற்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வியாபாரிக்கு நஷ்டம் வருவதென்னவோ அந்த அரை நாளில்தான்.

"மெதுவாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, கடை வாசலா உள்ளேயா, பிங் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துக் கொடுத்தால், அந்த நேரத்தில் அந்தக் கோபுரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று நிறுவனத்தின் பொறியாளர் தன் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரே தெருவின் ஐந்தாறு கடைக்காரர்கள் தனித்தனியாகப் புகார் எண் வாங்கி, அந்த எண்களையும் நேரக் குறிப்புகளையும் ஒரே தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், சங்கத்தின் கடிதத்தோடு அதை நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்கு அனுப்பலாம். கடிதத்தில் பணி எந்தத் தேதியில் முடியும் என்பதையும், இரவு வேலைக்கு முந்தைய நாளே குறுஞ்செய்தி அனுப்பும்படியும் கேட்க வேண்டும்.