காட்டுச் செடி காட்டும் நிலத்தின் குணம்

கரைத்தீவுக்கு அண்மையில் கலா ஓயா களப்பில் கலக்கும் இடத்தில் கண்டலும் கண்ணாவும் செழித்து நிற்கின்றன. சற்று மேலே, நன்னீர் ஓடும் ஆற்றங்கரையில் மருது ஓங்கி வளர்கிறது. ஆற்றை விட்டு விலகிய மேட்டில் பாலை, வீரை, முதிரை ஆகிய மரங்களே மிகுதி. சில மைல் தூரத்திற்குள் இத்தனை வேறுபாடு ஏன்?

விதை எங்கும் விழுகிறது. பறவையும் காற்றும் நீரும் அதைக் கொண்டு செல்கின்றன. ஆனால், விழுந்த இடமெல்லாம் நாற்று பிழைப்பதில்லை. புத்தளக் கரையில் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி மாரியிற் பெய்துவிடும். வைகாசி முதல் புரட்டாதி வரை நிலம் காய்கிறது. முதல் வரட்சியைத் தாங்கிய நாற்றே மரமாகிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் சிங்கராசக் காட்டு மரங்கள் இங்கு தாமாக வளராமைக்கு இதுவே முதற் காரணமாகும்.

பனாமா நாட்டில் 48 வகை மரஞ்செடிகளின் நாற்றுக்களை நட்டு, சிலவற்றுக்கு நீர் ஊற்றியும் சிலவற்றைக் காயவிட்டும் ஆராய்ந்தனர். 2007ஆம் ஆண்டு வெளியான அம்முடிவின்படி, வரட்சியைத் தாங்காத இனங்கள் காட்டின் ஈரப் பகுதிகளிலேயே மிகுந்திருந்தன.

கரையோரத்தில் நீரோடு உப்பும் சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கிறது. உவர் மண்ணில் நீர் இருந்தும் வேர் அதை எளிதில் உறிஞ்சமாட்டாது. கண்ணா இலை வழியாக உப்பை வெளியேற்றும். நெல்லுக்கு அவ்வாற்றல் இல்லை.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. உமரி படர்ந்த நிலமும், வரட்சியில் வெண்மை பூக்கும் நிலமும் உவர் நிலமே. அங்கே போஞ்சி பயிரிடுதல் வீண் செலவு. பீற்றூட் ஓரளவு தாங்கும்.

2. உவர் வயலில் மாரி மழைநீரைத் தேக்கி, வடித்து, மீண்டும் தேக்கி உப்பைக் கழுவியபின் விதைக்க வேண்டும். அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்ட அட் 354 என்னும் நெல் உவரைத் தாங்கவல்லது.

3. கண்டற் காட்டை வெட்டி வயலாக்குதல் ஆகாது. அச்சேற்று மண் காய்ந்தால் கடும் புளிப்புத்தன்மை அடைந்து பயிரைக் கெடுக்கக்கூடும்.

4. காட்டைப் போலவே தோட்டத்திலும் இளநாற்றுப் பருவமே ஆபத்தானது. கத்தரி, மிளகாய் நாற்றுக்களுக்கு வேர் ஊன்றும்வரை நீரும் வைக்கோல் மூடாக்கும் அவசியம்.

ஒரு போகத்து முதலை மண்ணில் இடுமுன், அங்கு தானாக முளைத்து நிற்பது எதுவென்று பார்த்தறிதல் நன்று. அதற்குச் செலவு எதுவுமில்லை.