மெருகுச் சக்கரமும் கண்மணியும்



நகை மெருகேறும் இடத்தில் கண் எவ்வாறு கெடுகிறது என்பதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். ஒடுகத்தூர்ப் பக்கத்தில் சிறு நகைப் பட்டறை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோதான் இருக்கும். உங்களில் சிலர் தாலி செய்யக் கொடுத்துவிட்டு அத்திண்ணையில் காத்திருந்திருப்பீர்கள்.

பூந்திக்கொட்டை ஊறிய நீர், புளி, பித்தளைக் கம்பி பிரஷ், கைப்பலம். பழைய முறை இவ்வளவே. இப்போது பழைய தையல் மிஷின் மோட்டாரைப் பலகையில் முடுக்கி, தோல் துண்டுகளை வட்டமாக வெட்டி அடுக்கி, மெருகுச் சக்கரம் ஆக்கிவிடுகிறார்கள். ஆம்பூர் வட்டாரத்தில் தோலுக்கா பஞ்சம்! அவர்கள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறோம். ஆனால் அச்சக்கரத்துக்கு மூடி இல்லை. நம்மை நோக்கிய பக்கம் கீழ்நோக்கிச் சுழல வேண்டும். நகையை நடுமட்டத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும். அப்போது கை தவறினாலும் அது தரையை நோக்கிப் போகும், முகத்துக்கு வராது. சங்கிலியைத் தொங்கவிட்டு மெருகிடுவது எல்லாவற்றிலும் ஆபத்து. அதைப் பலகையில் சுற்றிக்கொண்டுதான் சக்கரத்தில் காட்ட வேண்டும்.

துகள் கண்ணில் விழுந்தால் வீட்டார் முந்தானையைத் திரித்து எடுக்கிறார்கள். சிலர் நாக்கால் எடுக்கிறார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கருவிழிக் கீறலில் கிருமியோ பூஞ்சணமோ புகுந்தால் புண்ணாகி, ஆறினாலும் வெண்தழும்பு பார்வையை மறைக்கும். இரும்புத் துகளானால் ஓரிரு நாளில் துரு வளையம் படியும். கண்ணைத் துளைத்து உள்ளே போன துகளை யாரும் தொடக் கூடாது. கண்ணை அழுத்தாமல், காகிதக் கோப்பையால் மூடி அழைத்து வாருங்கள்.

திராவகம் தெறித்தால் வழி வேறு. பஸ்ஸுக்குக் காத்திராமல், இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோல் பதனிடும் சகோதரர்களும் இதைக் கேட்கட்டும்: சுண்ணாம்பு அமிலத்திலும் கொடியது. அமிலம் பட்ட இடம் பெரும்பாலும் உறைந்து தடுப்பாகிறது. காரமோ உள்ளே ஊடுருவிக்கொண்டே போகிறது.

திண்ணையில் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். பிரான்சில் 1809-ல் பிறந்த லூயி பிரெய்ல், குதிரைச் சேணம் தைக்கும் தகப்பனாரின் பட்டறையில் 3 வயதில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். பாதிப்பு மற்றக் கண்ணுக்கும் பரவி, சில ஆண்டுகளில் இரண்டும் இருண்டன. அதுவும் தோல் பட்டறைதான். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-ல் திறந்த ஷெல் மருத்துவமனை இன்று கண் மருத்துவமனையாக இருக்கிறது. மனைவியின் நினைவாக ஒருவர் கொடுத்த 10,000 டாலரில் எழுந்தது அது. அங்கே போய்ச் சேருமுன் திண்ணையில் செய்ய வேண்டியதையே எழுதினோம்.

பாதுகாப்புக் கண்ணாடி வியர்வையில் மங்குகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் காற்று வழி உள்ள பாலிகார்பனேட் கண்ணாடி அவ்வளவாக மங்காது. அடுத்த முறை நகை செய்யக் கொடுக்கும்போது, கூலியோடு அப்படி ஒன்றையும் வாங்கிக் கொடுங்கள்.