பழைய மோட்டார் சைக்கிளும் குளிர்காலக் காலைப்பொழுதும்

மார்கழி, தை மாதங்களில் பொழுது புலருமுன்னரே பால் கேனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்திற்குப் புறப்படும் உழவர்கள் நம் கிராமங்களில் பலர். சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் சிறிதே. அது தவறினால் கறந்த பால் வீட்டிலேயே தங்கிவிடும். அந்த வேளையில் வண்டி கிளம்ப மறுத்தால், முப்பது முறை மிதித்துக் களைத்து, இறுதியில் கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, புதியதொன்றை வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. பணம் செலவான பின்னும் மறுநாள் காலையில் அதே தொல்லை தொடரக் காண்கிறோம். காரணத்தை வரிசையாகத் தேடாமல் பாகத்தை மாற்றுவதே இந்த வீண்செலவிற்கு மூலம்.

1955-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்த 350 சி.சி. புல்லட் வண்டிகளுள் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்டவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வகை வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம். கார்புரேட்டரும் பாயிண்டும் உள்ள பிற பழைய வண்டிகளுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

குளிரில் ஏன் தொல்லை?

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுள் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே எரிகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பெட்ரோலில் ஒரு பகுதியே ஆவியாகிறது. எஞ்சியது குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே சிலிண்டரைச் சேரும் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடுகிறது. இக்குறையை ஈடு செய்வதற்கே சோக் அமைந்துள்ளது. எஞ்சின் சூடேறியதும் சோக்கைத் திருப்பிவிட வேண்டும். மறந்து ஓட்டினால் பிளக்கில் கரி படிந்து, அடுத்த நாள் துவக்கமும் கெடும்.

முறையான துவக்கம்

முதலில் பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கைப் போட வேண்டும். சாவியைத் திருப்பாமல், டிகம்பிரஸ்ஸர் நெம்பியை அழுத்தியவாறு இரண்டு மூன்று முறை மெதுவாக மிதித்தால் எஞ்சினுள் கலவை சேரும். பின்னர் சாவியைத் திருப்பி, நெம்பியை விட்டுவிட்டு, கிக்கர் இறுகி நிற்கும் வரை மெல்ல அழுத்த வேண்டும். அந்நிலையில் மீண்டும் நெம்பியை அழுத்திக் கிக்கரைச் சற்றே நகர்த்தினால், ஆம்பியர் மீட்டரின் முள் இடப்புறமிருந்து நடுவிற்கு வரும். அங்கே நிறுத்தி, நெம்பியை விட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் அடிவரை மிதிக்க வேண்டும். அரைகுறையாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைக் காயப்படுத்தக்கூடும்.

ஐந்தாறு முறை இவ்வாறு செய்தும் கிளம்பவில்லையாயின் மேலும் மிதிப்பதில் பயனில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே அடுத்த வேலை.

பிளக் சொல்லும் செய்தி

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினை அடையவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். தேட வேண்டிய திசையை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும்.

உலர்ந்த பிளக்: கார்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பெட்ரோல் தடையின்றி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிடில் டாங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டிருப்பின், திறந்தவுடன் பெட்ரோல் ஓடத் தொடங்கும். வண்டி சிறிது தூரம் ஓடி நின்று, சற்று நேரத்தில் தானே கிளம்பும் நோய்க்கும் பெரும்பாலும் இத்துளையே காரணம். மூடி திறந்தும் பெட்ரோல் வரவில்லையெனில், டேப்பின் வலையில் துரு அடைத்திருக்கும். பெட்ரோல் நன்றாக வந்தும் பிளக் உலர்ந்திருந்தால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டுகளைத் தூய்மை செய்ய வேண்டும். ஜெட்டின் துளையில் கம்பியை நுழைப்பது தவறு. துளை பெரிதாகி, பெட்ரோல் செலவு கூடிவிடும். சைக்கிள் பம்பால் காற்றடித்தாலே போதும்.

நனைந்த பிளக்: பெட்ரோல் டேப்பை மூடி, சாவியை அணைத்து, சோக்கை நீக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, டிகம்பிரஸ்ஸரை அழுத்தியவாறு சில முறை மிதித்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறும். சற்று நேரம் பொறுத்து, துடைத்து உலர்த்திய பிளக்கை மீண்டும் பொருத்திவிட வேண்டும். அதன் பிறகு, கைவசமுள்ள வேறொரு பிளக்கை ஒயரின் மூடியில் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடுமாறு வைத்து, சாவியைத் திருப்பி மிதித்துப் பார்க்க வேண்டும். நீல நிறப் பொறி பளிச்சென்று தெரிந்தால் குறை பழைய பிளக்கில் இருக்கலாம். மங்கிய பொறியாயின் பாட்டரியையும் பாயிண்டையும் கவனிக்க வேண்டும். பாயிண்டின் முகத்தைத் தூய்மை செய்து, முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்குமாறு ஃபீலர் கேஜ் கொண்டு சரிசெய்ய வேண்டும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டென்சரை மாற்றுவது நலம்.

சோக் போட்டால் ஓடி, நீக்கியவுடன் நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. சிறிய ஜெட் அடைபட்டிருப்பதோ, கார்புரேட்டர் எஞ்சினோடு சேருமிடத்தில் காற்று கசிவதோ இதற்குக் காரணமாகும்.

பெட்ரோலில் நீர்

2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்திற்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து, டாங்கின் அடியில் தங்கிவிடும். அப்பகுதியே முதலில் கார்புரேட்டரை அடைகிறது. வண்டி கிளம்ப மறுக்கிறது. கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், அடியில் தனிப்படலம் தெரியும். அவ்வாறாயின் டாங்கை முழுவதும் வடித்து விடவேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலால் உப்பி வெடிக்கக்கூடும். ஆதலின் அவற்றை ஆண்டுதோறும் சோதிப்பது அவசியம். ஒரு மாதத்திற்கு மேல் வண்டியை நிறுத்துவதாயின், கார்புரேட்டரின் கிண்ணத்தை வடித்துவைப்பது நன்று.

எச்சரிக்கை

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். ஆகவே மேற்கூறிய வேலைகளைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பின்னரே செய்ய வேண்டும். வைக்கோற் போர், மாட்டுக்கொட்டகை இவற்றின் அருகே செய்தலாகாது. விளக்கும் பீடியும் பக்கத்தில் இருத்தல் கூடாது. பெட்ரோலை எடுத்தபின் பாத்திரத்தை அப்புறப்படுத்திவிட்டே பொறியைச் சோதிக்க வேண்டும். வடித்த பெட்ரோலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் குடிநீர் கெடும்.

ஊராட்சியினர் செய்யத்தக்கது

ஐப்பசி மழைக்கு முன்னர், ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அரைநாள் செயல் விளக்கம் நடத்தலாம். பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், நல்ல பிளக் ஒன்று ஆகியவற்றைப் பால் சங்கத்திலேயே பொதுவில் வைக்கலாம். இவற்றிற்கு ஆகும் செலவு ஒரு புதிய கார்புரேட்டரின் விலைக்கு மிகவும் குறைந்தது. பெட்ரோல் வருகிறதா, பொறி உண்டா, நீர் கலந்துள்ளதா என்னும் மூன்று கேள்விகளையும் வரிசை தவறாமல் கேட்கப் பழகினால், பால் நேரத்திற்குச் சங்கம் சேரும். உழவரின் பணமும் அவர் கையிலேயே நிற்கும்.