கைமாற்றும் கோர்ட்டுப் படியும்

சில மாதங்களுக்கு முன் மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு பெரியவர் நம் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். தியாகராய நகரில் சிறியதாகத் துணிக்கடை வைத்திருப்பவர். தம் சகோதரியின் மகனுக்கு 60,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியதற்கான பதிவு மட்டும் இருக்கிறது. கொடுத்து மூன்று ஆண்டு நிறைவடைய இன்னும் நாற்பது நாட்களே இருந்தன. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்.

"கோர்ட்டுக்குப் போனால் உறவு போகும். போகாவிட்டால் பணம் போகும். ஒரு முஸ்லிம் கடனுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவது மார்க்கத்தில் கூடுமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

நின்ற இடத்தில் சொல்லிவிடக்கூடிய பதிலாக அது நமக்குத் தோன்றவில்லை. விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். இதே நிலையில் நம் நேயர்களில் பலர் இருக்கக்கூடும்.

முதற் கேள்விக்கு விடை எளிது. தன் உரிமையைக் கேட்டு நீதிபதி முன் நிற்பது பாவமன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷுரைஹ் அவர்களைக் கூஃபா நகரின் காஜியாக நியமித்ததே மக்களின் வழக்குகளைத் தீர்ப்பதற்காகத்தான். வாதிப்பவர் ஆதாரம் காட்ட வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்ற விதி நம் ஃபிக்ஹு நூல்களில் வழக்கு பற்றிய பாடத்தின் அடித்தளம். வழக்கே கூடாது என்றால் அந்தப் பாடத்துக்கு வேலை என்ன?

ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பெரியவருக்கு நினைவூட்டினோம். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன் தர வேண்டியிருந்தது. பள்ளிவாசலிலேயே கேட்டார். இருவர் குரலும் உயர்ந்தது. தம் இல்லத்திலிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அதைச் செவியுற்றுத் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். கஅப் அவர்களை அழைத்து, பாதியைத் தள்ளிவிடும்படி கையால் சைகை காட்டினார்கள். அவர் உடனே சம்மதித்தார். மறுகணமே கடன்பட்டவரை நோக்கி, எழுந்து மீதியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். இவ்வளவுதான் வழக்கு. தள்ளுபடியோடு நிறுத்தாமல், மீதியை உடனே கொடுக்கச் சொன்னதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. சமரசம் என்றால் கடன் கொடுத்தவர் மட்டும் விட்டுக்கொடுப்பது என்று நம் மஹல்லாக்களில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

இனி நம் ஊர்க் கோர்ட்டுக்கு வருவோம். 'கச்சேரி' என்றால் இன்று மயிலாப்பூரில் பாட்டுக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். பழைய தமிழ் வழக்கில் அது அரசாங்க அலுவலகத்தையும் நியாய ஸ்தலத்தையும் குறித்த சொல். சில்லறைக் கடன் வழக்குகளுக்கென்று தனிக் கோர்ட்டு இந்த நகரத்தில் வெகுகாலமாக இருந்து வருகிறது. கும்பெனியார் காலத்தில், 1753-ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி, 5 வராகன் வரையுள்ள சிறு வழக்குகளை விரைவாகவும் மலிவாகவும் தீர்க்கச் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் கோர்ட்டுகள் ஏற்பட்டன. 1850-இல் அவற்றின் இடத்தில் ஸ்மால் காஸ் கோர்ட்டு என்னும் சிறு வழக்கு நீதிமன்றம் வந்தது. 1882-ஆம் ஆண்டின் 15-ஆவது சட்டம் அதற்கு இன்றுள்ள உருவத்தைத் தந்தது. அன்று அதன் வரம்பு 2,000 ரூபாய். நிலம், வீடு பற்றிய உரிமை வழக்கு, கூட்டு வியாபாரத்தைக் கலைக்கும் வழக்கு, அவதூறு வழக்கு இவையெல்லாம் அங்கே எடுபடா. தீர்ப்புக்கு வழக்கமான அப்பீலும் கிடையாது. எதிர்த்து நடந்த வழக்கானால், எட்டு நாட்களுக்குள் மறு விசாரணை கேட்கலாம். சில்லறை வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடக் கூடாது என்பதே நோக்கம்.

இன்று உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள அந்தக் கோர்ட்டுக்கு மோட்டார் விபத்து நஷ்டஈடும் வாடகைத் தகராறுமே பெரும் வேலையாகிவிட்டன. பெரியவருடைய 60,000 போன்ற தொகைக்குச் சிட்டி சிவில் கோர்ட்டைத்தான் நாட வேண்டியிருக்கும். பெயர் மாறினாலும், அங்கே கேட்கப்படும் முதற் கேள்வி மாறவில்லை: "எழுத்து இருக்கிறதா?"

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். கடனை எழுதிக்கொள்வது பற்றியது. தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதுங்கள், நேர்மையாக எழுதுபவரைக் கொண்டு எழுதுங்கள், கடன்படுபவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள், சிறு தொகையானாலும் சலிப்படையாதீர்கள் என்று அது விரித்துச் செல்கிறது. நாமோ ரமளானில் அந்த வசனத்தைத் தராவீஹில் கேட்டுவிட்டு, மறுநாள் மைத்துனருக்கு ஐம்பதாயிரம் கொடுக்கும்போது, "நமக்குள்ளே என்ன எழுத்து?" என்கிறோம். எழுதச் சொன்னால் சந்தேகப்படுகிறோம் என்று பொருளாகிவிடுமாம். சஹாபாக்களை விடவா நமக்குள் நம்பிக்கை மிகுந்துவிட்டது?

எழுதுவதிலும் முறை உண்டு. புரோநோட்டு எழுதினால் உரிய ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து விழ வேண்டும். ஸ்டாம்பு இல்லாத மற்றப் பத்திரங்கள் பலவற்றை அபராதம் கட்டிப் பின்னால் சரி செய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. இன்று பலரும் செல்போன் வழியே பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பதிவு பணம் போனதைக் காட்டும். எதற்காகப் போனது என்பதைக் காட்டாது. "மாமா எனக்கு அன்பளிப்பாகத் தந்தார்" என்று மருமகன் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அனுப்பும்போதே குறிப்பில் 'கைமாற்று' என்று ஒரு சொல் சேர்க்கலாம். வாட்ஸப்பில் கடனை ஒப்புக்கொண்ட செய்தி இருந்தால் அழிக்காமல் வைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின்படி, அத்தகைய மின்னணு ஆதாரத்தோடு அதற்குரிய சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். பழைய சட்டமும் இதையே கேட்டது.

செக்கு வாங்கி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். பணமில்லையென்று திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். இது கிரிமினல் வழக்கு. 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறவினர் மீது இதைத் தொடுக்குமுன் நூறு முறை யோசிப்பது நல்லது.

இப்போது பெரியவரின் நாற்பது நாட்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தவணை குறிக்காத கைக்கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் கடன்பட்டவர் "தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும், ஒரு பகுதியைக் கொடுத்து அதை எழுத்தில் குறித்தாலும், அன்று முதல் புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். பலருக்கு இது தெரியாமல், ஈதுக்கு ஈது தவணை சொல்லக் கேட்டே காலம் கடந்துவிடுகிறது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. "மூன்று வருஷம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று மார் தட்டுபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. காலம் கடந்தால் கோர்ட்டின் கதவு மூடுகிறது, கடன் மறைவதில்லை. காலம் கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால், அந்த வாக்குறுதி செல்லும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு கூறுகிறது. சட்டத்தின் பார்வையிலேயே இப்படியென்றால், அல்லாஹ்வின் முன் எப்படியிருக்கும்? கடன் வைத்து இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தச் சில தீனார்களைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்பே தொழுவித்ததும் நேயர்கள் அறிந்ததே. வாதத் திறமையால் ஒருவர் தீர்ப்பைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டாலும், தமக்கு உரிமையில்லாததை எடுத்தால் அது நெருப்புத் துண்டு என்றும் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வக்கீல் வெற்றி பெற்றதால் ஹராம் ஹலாலாகிவிடாது.

வீட்டு அட்வான்ஸ் இதே இனம். அடையாறிலும் தியாகராய நகரிலும் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழகத்தின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவும் சொல்கிறது. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் செலவழித்துக்கொள்கிறார். ஆகவே அது அவரிடம் அமானத்தாக இருப்பதில்லை. அவர் பட்ட கடனாகிவிடுகிறது. சுண்ணாம்பு அடித்தேன், குழாய் மாற்றினேன் என்று கணக்கே காட்டாமல் பாதியை எடுத்துக்கொள்ளும் வீட்டுக்காரர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு என்பதை வருத்தத்தோடு எழுதுகிறோம்.

கடையில் வாங்கிய பொருள் பழுதென்றால் வழி வேறு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ரசீது வேண்டும்; அதையும் நாம் வாங்குவதில்லை.

வழக்கென்று வந்துவிட்டால் நம்மவர்க்கு இரண்டு சங்கடங்கள். ஒன்று வட்டி. பிராது எழுதும் வக்கீல் வழக்கப்படி வட்டியும் சேர்த்தே எழுதுவார். அசலும் வழக்குச் செலவும் போதும், வட்டி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேட்காததைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளும்படி எந்தக் கோர்ட்டும் சொல்வதில்லை. மற்றொன்று, எதிரி உண்மையிலேயே இல்லாதவராக இருந்தால் என்ன செய்வது என்பது. வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அதே அத்தியாயத்தின் 280-ஆவது வசனம். இருந்தும் இழுத்தடிப்பதையோ அநியாயம் என்கிறது ஹதீஸ். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் நாட்டுச் சட்டமும் நம்மோடு ஒத்துப் போகிறது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கடனைத் தர இயலாத ஏழ்மைக்காக ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்க முடியாது; வசதியிருந்தும் தீய எண்ணத்தோடு மறுத்தவரைத்தான் அடைக்கலாம் என்று தீர்ப்பளித்தார். ஜப்தி வரும்போதும் உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி ஆகியவற்றில் கை வைக்கக் கூடாதென்பது சிவில் நடைமுறைச் சட்டம்.

கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத் இருக்கிறது. வழக்குப் போடாமலே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து எதிரியை அழைக்கலாம். இரு தரப்பும் ஒப்பினால் எழுதப்படும் தீர்வு, சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதற்கு அப்பீல் இல்லை. முன்பே வழக்குப் போட்டிருந்தால், கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பள்ளிவாசலில் திரை விலகிய அந்த நிகழ்ச்சிக்கு நம் காலத்தில் மிக அருகில் வருவது இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெரியவர் அங்கேயும் போகவில்லை. மஹல்லாவில் இருவரை அழைத்துக்கொண்டு ஓர் இரவு இஷாவுக்குப் பின் அடையாறிலுள்ள மருமகன் வீட்டுக்குப் போனார். நாமும் உடன் போனோம். "மாமா, நான் ஓடியா போய்விடுவேன்? எழுத்து எதற்கு?" என்று அவர் முகம் சிவந்தது. அவர் தாயார்தான் உள்ளிருந்து, "எழுதிக் கொடு வாப்பா. உன் பிள்ளைகளுக்கும் நாளைக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். தொழில் நொடித்த கதையை அதன் பிறகே மருமகன் சொன்னார். அதுவரை அவர் மறைத்து வைத்திருந்தார். பெரியவர் பத்தாயிரத்தைத் தள்ளினார். மீதி ஐம்பதாயிரத்தை மாதம் ஐயாயிரமாகத் தருவதாக எழுதி, இருவர் சாட்சியிட, மருமகன் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டு முடியப் பதினேழு நாட்கள் இருந்தன.

முதல் தவணையை அவர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் எண்ணிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேநீர் சொல்லியனுப்பினார். மருமகன் உட்காரவில்லை. "மாமா, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்" என்றார். பெரியவர் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி போட்டு எழுதத் தொடங்கினார்.