பனி விட்டு வெயில் ஏறும் காலம்: புதிதாய்த் தோட்டம் செய்யும் பிள்ளைகளுக்கு

நெல்லியடி, கரவெட்டி, துன்னாலைப் பக்கம் பாட்டன் காணியில் முதன்முதலாய் மண்வெட்டி பிடித்திருக்கும் பிள்ளைகளே, மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும்வரையான நாட்கள்தான் தோட்டக்காரரைச் சோதிப்பவை. நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனி விழுந்து பயிரைக் கருக்கும். எங்கள் பனி கருக்காது. இலையை நனைத்து வைத்து நோய்க்கு வழி விடும். அது போன கையோடு வெயில் வந்து நிற்கும். பனிக்காலப் பழக்கத்தை வெயிலுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

1. கலண்டரை மட்டும் நம்பாமல் காற்றையும் பாருங்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்களைத் தூக்குவது வாடைக்காற்று. அது தளர்ந்து பகலில் புழுங்கத் தொடங்கினால் காலம் மாறுகிறது. சோளகம் எழும்ப வைகாசி ஆகும். இடையில் சித்திரையில் பின்னேரம் இடியோடு ஒரு மழை வரலாம். அதை நம்பிக் கண்டு நடாதீர்கள்.

2. விடிய வெங்காயத் தாளைப் பாருங்கள். முகில் இல்லாத இரவில் நிலம் சூட்டை விட்டுக் குளிரும். தாளில் பனி முத்து முத்தாய்க் கோத்து நிற்கும். அது காயுமுன் பாத்திக்குள் இறங்கினால் நோயை உடுப்போடு அடுத்த பாத்திக்குக் கொண்டுபோவீர்கள். தாளில் சிறு வெள்ளைப் புள்ளி விழுந்து, நடு ஊதாவாகி, சுற்றி மஞ்சள் கட்டினால் அது ஊதாக் கருகல். அந்தத் தாளை வரம்பில் போடாதீர்கள். வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

3. இறைக்கும் நேரத்தை மாற்றுங்கள். பனிக்காலத்தில் பின்னேரம் இறைத்தால் இரவு முழுக்க ஈரம் நிற்கும். ஆகவே காலையில் இறையுங்கள். தூவல் நீர்ப்பாசனம் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாயிருங்கள். பங்குனியில் உச்சி வெயிலில் மெஷினை இயக்கினால் தண்ணீர் பயிருக்குப் போகுமுன் வாய்க்காலிலேயே குறைந்துவிடும். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுங்கள்.

4. மிளகாய்க் கொழுந்தைத் தட்டிப் பாருங்கள். சூடும் வறட்சியும் சேர்ந்தால் இலைப்பேன் பெருகும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பேன்; கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. கொழுந்தின் கீழ் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் பேன் ஓடித்திரிவது தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. கடைக்காரரிடம் கேட்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டுங்கள்.

5. மண்ணை வெறுமையாய் விடாதீர்கள். வைக்கோலோ வாழைச் சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும். இளங்கண்டுக்குக் கிடுகோ பனையோலையோ குத்தி நிழல் கொடுங்கள்.

6. பிடுங்கிய வெங்காயத்தைக் கடும் வெயிலில் நாள்முழுக்கக் கிடத்தாதீர்கள்; குமிழ் வெந்துவிடும். தாளோடு வாடவிட்டு, பிடி பிடியாய்க் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிடுங்கள். அந்த வெயிலை ஒடியலுக்கு விட்டுவிடுங்கள். கிழித்த பனங்கிழங்கு காய அதைவிட நல்ல நாள் கிடையாது.

7. உடம்பைக் காப்பாற்றுங்கள். ஏப்ரல் 5 தொடக்கம் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரத் தொடங்கும். தெற்கிலிருந்து நகர்ந்து, எங்கள் தலைக்கு மேலே வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. பத்து மணிக்குப் பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு, மூன்று மணிக்குப் பிறகு எடுங்கள். தலையில் துவாய், கையில் தண்ணீர்ப் போத்தல்.

8. கடைசியும் முதலும் கிணறு. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்ததைச் சுண்ணாம்புக் கல் வாங்கி வைத்திருக்கிறது. அந்த நன்னீர் கடலின் உவர்நீர்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்று நீங்களே பாருங்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்.

பங்குனியில் பயிர் வாடுவதைக் கண்டு பெரிய மெஷினை இறக்க மனம் வரும். இறக்காதீர்கள். தண்ணீர் காணாவிட்டால் பாத்தியைக் குறையுங்கள். ஒரு போகம் நட்டப்பட்டால் அடுத்த போகத்தில் எடுக்கலாம். உவர் ஏறிய கிணறு உங்களுக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் லேசில் திரும்பக் கிடைக்காது.